சில ஓம் காட்டினால் அது விளிம்பு நிலை அல்ல

கேள்வி: ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர். கோவையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பிஸ்மத் செலினைடு கிரிஸ்டல் வாங்கினேன். டேப்பால் உரித்து, இரு பக்கமும் சில்வர் பேஸ்ட் வைத்து மல்ட்டிமீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் காட்டுகிறது. மூடுபனி நாளில் அளவு மாறுகிறது. “இதுதான் விளிம்பு நிலை. ஆயிரக்கணக்கான அடுக்கு இருப்பதால் மின்தடை குறைகிறது, அப்படியே எழுது” என்கிறார்கள் அந்த சென்டரில். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். விளிம்பு நிலை என்றால், உள்ளே கடத்தாத ஒரு பொருளின் ஓரத்தில் மட்டும் மின்னோட்டம் ஓடுவது. நீங்கள் அளந்தது கிரிஸ்டலின் உள்ளே முழுக்க ஓடுகிற சாதாரண மின்னோட்டம். பிஸ்மத் செலினைடு பெயரளவில்தான் உள்ளே கடத்தாத பொருள். வளரும்போதே அங்கங்கே செலினியம் அணு விடுபட்டுப் போகும். அந்தக் காலியிடங்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும்.

விளிம்பு நிலைக்கு ஒரு அடையாளம் உண்டு. ஒற்றை அடுக்கில் இரண்டு முனை வைத்தால், இரு ஓரமும் சேர்ந்து சுமார் 12.9 கிலோ ஓம். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் மெர்க்குரி டெல்லுரைடு படலத்தில் முதலில் பார்த்தது இந்த அளவைத்தான். டங்ஸ்டன் டைடெல்லுரைடில் 2018இல் 100 கெல்வின் வரை பார்த்தார்கள். அதுவும் ஒரே அடுக்கு, காற்றுப் படாமல் போரான் நைட்ரைடுக்கு நடுவே மூடி, சுமார் 100 நானோமீட்டர் நீளத்துக்குள். ஓரம் நீண்டால் மின்தடை கூடும், குறையாது. ஊட்டிக் குளிரை நம்பவும் வேண்டாம். புல்லில் உறைபனி விழும் ஜனவரி விடியற்காலையும் 273 கெல்வின் பக்கம்தான்.

அந்த ‘ஆயிரம் அடுக்கு’ கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது சரியாக வருவதுபோலவே இருக்கும். 12,900ஐ ஆயிரத்தால் வகுத்தால் 13 ஓம். ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் தனிப்பாதை இருக்கும் பொருள்களும் உண்மையிலேயே உண்டு. பிஸ்மத், ரோடியம், அயோடின் சேர்ந்த ஒரு கிரிஸ்டலின் பரப்பில், படிக்கட்டு போன்ற விளிம்புகளில் அதை 2015இல் கண்டார்கள். ஆனால் கண்டது அணு அளவில் பார்க்கும் எஸ்.டி.எம். நுண்ணோக்கியில், மல்ட்டிமீட்டரில் அல்ல. பிஸ்மத் செலினைடு அந்த வகையே இல்லை. அதன் சிறப்பு நிலை கிரிஸ்டலின் எல்லா முகங்களிலும் பரவியிருப்பது. அடுக்குக்கு ஒன்று என்று எண்ண அங்கே எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அதே துண்டை அகலத்தில் பாதியாக வெட்டி அளந்து பாருங்கள். அகலம் பாதியாகும்போது மின்தடை ஏறக்குறைய இரட்டிப்பானால் மின்சாரம் ஓரத்தில் மட்டும் ஓடவில்லை.

கூடவே, எக்ஸ்-கதிரால் கிரிஸ்டலின் அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி ரிப்போர்ட்டும் தந்திருப்பார்கள். அது இன்ன பொருள், அடுக்கு இப்படி என்று சொல்லும். விளிம்பில் என்ன ஓடுகிறது என்று சொல்லாது. அடுத்து “பேப்பர் போட்டுத் தருகிறோம்” என்று வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். வைவாவில் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள், அவர்கள் அல்ல.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே செமஸ்டரில் புதுமை வேண்டும் என்கிறார்கள், கல்லூரிக்குக் கருவி மட்டும் தருவதில்லை. அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளில் நேரம் கேட்க ஐ-ஸ்டெம் இணையதளம் இருக்கிறது, விண்ணப்பியுங்கள். ஆனால் கைடு, துறைத்தலைவர், முதல்வர் என்று கடிதம் மேஜை மேஜையாக நகர்ந்து முடிவதற்குள் செமஸ்டரே ஓடிவிடும். இந்தச் சந்தில்தான் ப்ராஜெக்ட் சென்டர்கள் கடை விரிக்கின்றன.

சரி, இப்போது செய்ய முடிந்தது என்ன? ஜெர்மேனியத்துக்கு வைத்திருக்கும் நான்கு முனைக் கருவி உங்கள் லேபிலேயே இருக்கும். துண்டு அதற்குச் சிறியது என்றால், சில்வர் பேஸ்டில் நான்கு புள்ளிகளை வரிசையாக வைத்து, வெளி இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் அளங்கள். அப்போதுதான் வயரின் தடையும் பேஸ்டின் தடையும் கணக்கில் சேராது. வெப்பநிலையை ஏற்றி அளந்து, ‘பிஸ்மத் செலினைடு கிரிஸ்டலின் மின்தடை’ என்றே தலைப்பு வையுங்கள். மூடுபனியில் அளவு மாறுவது ஈரத்தாலாக இருக்கலாம். பரப்பும் பேஸ்ட் ஒட்டிய இடமும் கெடுகின்றன. கிரிஸ்டலைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, அளக்கும் அன்று புதிதாக உரித்த பக்கத்தில் முனைகளை வையுங்கள்.