உளவியல் படிக்கட்டும், ஏழு வருடக் கணக்கோடு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வணிகவியல் முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. உளவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா?" என்கிறார் மாமனார். பி.காம். படித்தால் வங்கி வேலைக்காவது போகலாம் என்கிறார் கணவர். இதற்கு வேலை உண்டா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரி, வேலை உண்டு. ஆனால் மூன்று வருடத்தில் கிடைக்காது. பி.எஸ்சி. மூன்று, முதுகலை இரண்டு, அதற்கு மேல் மருத்துவ உளவியலில் இரண்டு என்று கணக்குப் போடுங்கள். ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரே மருத்துவ உளவியலாளர். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல நிறுவனம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் இதுவரை முதுகலைக்கு அடுத்த பட்டமான எம்.பில். படித்துத்தான் அந்தப் பதிவைப் பெற்றார்கள். எம்.பில். பட்டமே இப்போது விடைபெறுகிறது. ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே மகள் சேரும் வருடத்து விதியைப் பாருங்கள்.

மாமனாரிடம் சொல்லுங்கள்: மாத்திரை எழுதுகிறவர் எம்.பி.பி.எஸ்., எம்.டி. படித்த மனநல மருத்துவர். உளவியலாளரின் வேலை பேச்சுவழிச் சிகிச்சையும் பரிசோதனைகளும்.

குழந்தையின் அறிவுத்திறனை அளக்கும் பரிசோதனை எப்படியிருக்கும் தெரியுமா? சிவப்பும் வெள்ளையும் பூசிய கட்டைகளைக் குழந்தையின் முன் வைப்போம். அட்டையில் உள்ள வடிவத்தைப் போல அது அடுக்க வேண்டும். நம் கையில் ஸ்டாப் வாட்ச். பின்னாலிருந்து அம்மா, "அதைத் திருப்பு கண்ணு" என்பார். அவர் மனம் நோகாமல் தடுக்க வேண்டும். குழந்தை எல்லாம் சரியாக வைத்துவிட்டு, கடைசிக் கட்டையில் தயங்கி மொத்தத்தையும் கலைத்துவிடும். நேரத்தை யாரும் குறித்துவிடலாம். ஏன் கலைத்தது என்று யோசிப்பதற்குத்தான் இத்தனை வருடப் படிப்பு. அறிவுத்திறன் குறைபாட்டுக்கான சான்றிதழுக்கு இந்த மதிப்பெண்கள் ஆதாரமாகின்றன. தவறினால் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடமே மாறிப்போகும்.

பள்ளி ஆலோசகர், நிறுவனங்களின் மனிதவளத் துறை, மறுவாழ்வு மையம், ஆராய்ச்சி என்று வேறு வழிகளும் உண்டு. எங்கே போனாலும் புள்ளியியல் கூடவே வரும். வணிகவியல் படித்தவளுக்கு அது பயமாக இருக்காது.

பி.எஸ்சி. முடித்த கையோடு ஆலோசகர் என்று பலகை மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது, மூன்று மாதச் சான்றிதழ் என்ன செய்யும்? தயவுசெய்து அதில் பணத்தைப் போடாதீர்கள். தொலைநிலைக் கல்வியில் முடித்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2025 சேர்க்கையிலிருந்து உளவியலை அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது.

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் வருகிற பெண் "நெஞ்சைப் பிசைகிறது" என்பார், "கை கால் விட்டுப்போகிறது" என்பார். அதற்குள் பயம் இருக்கிறதா, துக்கம் இருக்கிறதா, உண்மையிலேயே இதய நோயா என்று பிரித்துக் கேட்கத் தமிழ்க் காது வேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்கிறது.

கல்லூரி திறக்கும் முன், பக்கத்திலுள்ள சிறப்புப் பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டு, இரண்டு வாரம் உதவிக்கு அனுப்புங்கள். தினமும் வீடு திரும்பியதும் அவள் சொல்வதைக் கணவரும் மாமனாரும் உடனிருந்து கேட்கட்டும். பி.காம். விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.