பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கும் நம் வீட்டுக் கிணறும்

கேள்வி: தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சிப் பகுதியில் வசிக்கிறோம். நாலு சென்ட் மனை. பின்கட்டில் தாத்தா காலத்துக் கிணறு இருக்கிறது. சமையலுக்கும் குடிக்கவும் அதே தண்ணீர்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் செப்டிக் டேங்க் எங்கள் கிணற்றிலிருந்து 11 அடி தூரத்தில், மதிலை ஒட்டி இருக்கிறது. அது 22 வருடமாக இருக்கிறது, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. நாலு வருடத்துக்கு முன் அவர் மாடியில் மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டார். போன ஐப்பசி மழையிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் வாடை. பேரனுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு. மாடிக் குளியலறைத் தண்ணீரையும் பைப் வைத்துத் தெருவுக்குப் போகும் பொதுச் சந்தில் விட்டிருக்கிறார். கேட்டால், "இருபத்திரண்டு வருஷமா இருக்கு, இப்ப என்ன புதுசா? என் டேங்க் இதுவரைக்கும் நிரம்பினதே இல்லை, லாரியே கூப்பிட்டதில்லை" என்கிறார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்லிப் போனார். போலீஸில் சொன்னால் சிவில் கேஸ் என்கிறார்கள். நான் என்ன செய்வது? அந்தப் பைப்பை அடைத்துவிடலாமா?

பதில்: அண்ணாச்சி பெருமையாகச் சொன்ன அந்த வாக்கியத்தை, எந்தத் தேதியில் யார் முன்னால் சொன்னார் என்பதோடு முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலு குடித்தனம் புழங்கும் டேங்க் 22 வருடமாக நிரம்பவில்லை என்றால் உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று? நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பல, டேங்கே கிடையாது. நாலைந்து சிமென்ட் உறையை இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் மேலே ஸ்லாப் மூடிய குழி அது. நீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் நிரம்பாது. ஒரு குடும்பம் இருந்தவரை மண் தாங்கியது. நாலு குடும்பம் ஆனதும், மழையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும், உங்கள் கிணற்றில் தெரிந்துவிட்டது. 'நிரம்பினதே இல்லை' என்பதைவிட நல்ல சாட்சியம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி கோர்ட்டுக்குப் போக முடியாது. மனு, போலீஸ், வக்கீல் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர்ப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் இருக்கிறது, பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். இரண்டு பரிசோதனையும் கேளுங்கள். ஒன்று ரசாயனப் பரிசோதனை, இன்னொன்று கிருமிப் பரிசோதனை. முதலாவதில் நைட்ரேட், குளோரைடு இரண்டும் முக்கியம். இரண்டாவதில் ஈ-கோலை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ன்படி நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஈ-கோலை 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஈ-கோலை மனித, மிருகக் குடலில் வாழும் கிருமி. அது கிணற்றில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் பழைய கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, மூன்று நாள் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருந்துவிட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். வாளி மூலம் இறைப்பதானால் வாளியும் கயிறும் சுத்தமாக இருக்கட்டும். ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, வாடை தாங்காமல் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள். போட்டால் கிருமி செத்து ரிப்போர்ட் சுத்தமாக வரும், அதை எதிர்த்தரப்பு கோர்ட்டில் பிரேம் போட்டு மாட்டும். மாதிரி எடுத்த பிறகு போடுவதில் தடையில்லை. கிணறு சரியாகும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்தான், குழந்தை இருக்கும் வீடு. பேரனுக்கு வைத்தியம் பார்த்த மருந்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி சட்டம். உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினை கலந்து கிடக்கிறது. கிணறு உங்கள் சொந்தப் பிரச்சினை. சந்து ஊர்ப் பிரச்சினை. இரண்டையும் ஒரே மனுவில் கொட்டினால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் காட்டித் தட்டிக்கழிக்கும். போலீஸ் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 279-வது பிரிவு பொது நீரூற்றையும் பொது நீர்த்தேக்கத்தையும் அசுத்தப்படுத்துவதைத்தான் குற்றமாக்குகிறது. உங்கள் பின்கட்டுக் கிணறு அதில் வராது. ஆனால் பொதுச் சந்தில் கழிவுநீரை விடுவது பொதுத் தொல்லை. 292-வது பிரிவில் அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய சட்டத்தில் 200 ரூபாயாக இருந்தது.

அந்தச் சந்துக்கு 1,000 ரூபாய் அபராதத்தைவிட வலுவான வழி வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் மனுக் கொடுங்கள். வக்கீல்கள் இன்னமும் பழக்கத்தில் 'நூத்தி முப்பத்திமூணு' என்றுதான் சொல்வோம், பழைய குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் எண் அது. தொல்லையை இத்தனை நாளில் அகற்று, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்று நிபந்தனை உத்தரவு போட ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. முறைப்படி போட்ட அந்த உத்தரவை சிவில் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. அந்தச் சந்தில் போய்வரும் மற்ற வீட்டுக்காரர்கள் நாலு பேராவது கையெழுத்துப் போடட்டும். நீங்கள் மட்டும் போட்டால் அடுத்த வீட்டுச் சண்டை என்று மூடிவிடுவார்கள்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் விஷயத்துக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில், தொல்லையால் பாதிக்கப்பட்டவர் சுகாதார அதிகாரியிடம் தகவல் கொடுக்கலாம். அதிகாரி பார்த்து, தொல்லையை நிறுத்தச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது நல்ல மனசுதான், ஆனால் அந்தச் சட்டம் அவருக்குக் கொடுத்த வேலை அதுவல்ல. பிரச்சினை என்னவென்றால், நீங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் வாயால் சொன்னது காற்றோடு போகும். நகராட்சி ஆணையருக்கும் நகர்நல அலுவலருக்கும், ஆய்வக ரிப்போர்ட்டின் நகலை வைத்து, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் விதமாக ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்புங்கள். இன்னொரு எச்சரிக்கை. குடிக்கப் பயன்படும் கிணறு கெட்டுப்போயிருந்தால் அதைச் சுத்தம் செய் என்றோ மூடு என்றோ உங்களுக்கே நோட்டீஸ் வரவும் வாய்ப்பு உண்டு. வந்தால் பதறாதீர்கள். கிணறு கெட்டது யாரால் என்பதற்கு அதுவும் ஒரு ஆவணமே.

ஒரு மாதம் போயும் அசைவு இல்லையென்றால், மனுவின் மேல் என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வரவேண்டும். கூடவே அண்ணாச்சி வீட்டின் அனுமதி வரைபட நகலையும் கேளுங்கள். மாடிக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அனுமதியில்லாத கட்டிடம் என்று ஆரம்பிப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பதில் மனு வருவது நிச்சயம். என் யோசனை, அந்த அனுமதிப் புகாரைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள், முதலில் எடுக்காதீர்கள்.

நகராட்சி 'பணமில்லை, ஆளில்லை' என்று சொன்னால், 1980-லேயே ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஒதுக்கிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு வார்டு மக்கள் சாக்கடை நாற்றம் தாங்காமல் இதே 133-வது பிரிவில் போட்ட வழக்கு அது. நீதிபதி கிருஷ்ண அய்யர் எழுதிய தீர்ப்பு. அப்புறமும் நகராட்சி அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட், அதாவது அதிகாரிகள் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் மனு, போடலாம். பெரும்பாலும் 'மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடு' என்ற உத்தரவுதான் கிடைக்கும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள், அந்த உத்தரவு போனபிறகு ஃபைல் நகரும்.

கிணற்றுக்கு நிரந்தரத் தீர்வு முன்சீஃப் கோர்ட்டில்தான். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒருவர் நிலத்தின் வழியாக இயற்கையாக ஊறி வரும் தண்ணீரை மற்றவர்கள் நியாயமில்லாமல் அசுத்தப்படுத்தக் கூடாது என்பதை நில உரிமையாளரின் உரிமையாகவே சொல்கிறது. இங்கே அண்ணாச்சியின் 22 வருடக் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்தால் பாத்தியதை, அதாவது அனுபவ உரிமை, உண்டாகும் என்று அதே சட்டத்தின் 15-வது பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் தண்ணீரை அசுத்தப்படுத்தும் விஷயத்தில் அந்த 20 வருடம், குழி தோண்டிய நாளிலிருந்து ஓடாது. அசுத்தம் உங்கள் சொத்தைக் கண்கூடாகப் பாதித்த நாளிலிருந்துதான் ஓடும். உங்களுக்கு அது போன ஐப்பசி. அதனால்தான் முதன்முதலில் வாடை வந்த தேதி முக்கியம். சந்து விஷயத்தில் எத்தனை வருடமானாலும் பொதுத் தொல்லைக்குப் பாத்தியதையே கிடையாது.

வழக்கில் டேங்கை இடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நாலு குடும்பத்துக்குக் கழிப்பறை இல்லாமல் போகும் உத்தரவைப் போட எந்த முன்சீஃபும் யோசிப்பார். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி தள்ளி இருக்கவேண்டும் என்று ஐ.எஸ். 2470 தரம் சொல்கிறது. நாலு சென்ட் மனையில் 60 அடிக்கு எங்கே போவது? உங்கள் வீட்டுக் குழியே அந்தக் கணக்கில் தேறாமல் போகலாம். ஆகவே, அடியும் பக்கமும் கசியாமல் பூசிய மூடிய டேங்காக மாற்று, பாதாளச் சாக்கடை வந்திருந்தால் இணைப்பு எடு, அதுவரை இவ்வளவு நாளுக்கு ஒருமுறை லாரி வைத்து எடு என்று கேளுங்கள். கொடுக்கக்கூடியதைக் கேட்டால் கொடுப்பார்கள்.

வழக்குப் போடும் அன்றே அட்வகேட் கமிஷனர், அதாவது கோர்ட் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீல், நியமிக்கவும் மனுப் போடச் சொல்லுங்கள். பொறியாளரோடு வந்து தூரம் அளந்து, ஸ்லாப்பைத் திறந்து அடித்தளம் இருக்கிறதா என்று பார்ப்பார். கோர்ட் சம்மன் கிடைத்த மறுநாளே அண்ணாச்சி உள்ளே சிமென்ட் பூசிவிட்டால் நீங்கள் நிரூபிப்பது கஷ்டம். 'ஆதாரம் திரட்டித் தருவதற்குக் கமிஷனர் இல்லை' என்று எதிர் வக்கீல் சொல்வார், எல்லா வழக்கிலும் சொல்லும் பாட்டு அது. ஆய்வக ரிப்போர்ட் ஏற்கெனவே இருந்தால் அந்தப் பாட்டு எடுபடாது. செலவுக்குத் தயங்கினால், நீங்கள் பெண்ணாக இருந்தால், அந்த ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

சமாதானமாகி அவர் டேங்கைத் திறக்க முன்வந்தால், செலவு குறைவு என்று ஆளை உள்ளே இறக்க விடாதீர்கள். லாரியும் குழாயும் மட்டும்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாதுகாப்பு இல்லாமல் ஆளை செப்டிக் டேங்கில் இறக்குவதற்கு முதல் முறையே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளை அமர்த்தியவர் மேல்தான் வழக்கு. செலவில் பாதி நான் தருகிறேன் என்று நீங்கள் கை நீட்டியிருந்தால் உங்கள் பெயரும் அதில் வரலாம்.

கடைசியாக, பைப்பை அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. அடைத்த அன்று சாயங்காலமே அண்ணாச்சி ஸ்டேஷனில் புகார் கொடுப்பார். அதுவரை சிவில் கேஸ் என்று சொன்ன அதே போலீஸ் உடனே உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கையில் செல்போன் இருக்கிறதல்லவா? தண்ணீர் ஓடும்போது, தேதி தெரிகிற மாதிரி, மறைந்து நின்று எடுக்காமல் சந்தில் நின்றே படம் எடுத்து வையுங்கள்.