மூவாயிரம் கிரேக்க வேர்ச்சொல் தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாவது வரை தமிழ் வழி. இப்போது பிளஸ் ஒன் உயிரியல், இங்கிலீஷ் மீடியம். வார்த்தைகளே வாயில் நுழையவில்லை என்று அழுகிறாள். மூவாயிரம் கிரேக்க வேர்ச்சொல்லை மனப்பாடம் செய்தால் நீட் வரை கவலையில்லை என்று சொல்லி, ஒருவர் எட்டாயிரம் ரூபாய்க்குப் புத்தகமும் வகுப்பும் தருகிறார். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

அறுபது எழுபது வேர்கள் கைவசம் இருந்தால் பிளஸ் டூ வரை சமாளித்துவிடலாம். அதையும் பட்டியலாக ஒப்பித்தால் மறுவாரமே மறந்துபோகும். பொருளைக் காட்டிச் சொன்னால் நிற்கும்.

தைல மரத்து மொட்டு ஒன்றை அவள் கையில் கொடுங்கள். குல்லாய் போட்டதுபோல மேலே ஒரு மூடி இருக்கும். பூ விரியும்போது மூடி கழன்று விழும். உள்ளே மகரந்தத் தாள்கள் குஞ்சம்போல நிற்கும். 'யூ' என்றால் நன்றாக, 'கலிப்டோஸ்' என்றால் மூடியது. யூகலிப்டஸ் என்று 1788-இல் பெயர் வைத்தவர் பார்த்தது இந்த மூடியைத்தான். நாளை பாடத்தில் யூகேரியோட் வந்தால் அந்த 'யூ' அவளுக்குப் பழகிய ஆள். 'கேரியோன்' என்றால் கொட்டை, இங்கே உட்கரு. உட்கரு சரியாக அமைந்த செல், அவ்வளவுதான். ரோடோடென்ட்ரானும் உங்கள் மலையில் பூப்பதுதான்: 'ரோடான்' ரோஜா, 'டென்ட்ரான்' மரம். நரம்பு செல்லின் கிளைகளுக்கு டென்ட்ரைட் என்று ஏன் பெயர் என்பது அப்போது தானே விளங்கும்.

இப்படி மலிந்து கிடக்கும் புத்தகங்கள் நாலைந்தைப் பார்த்திருக்கிறேன். லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒன்றாகக் கலக்கி, ஸ்பைரல் போட்டு விற்கிறார்கள். ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன், பிள்ளைக்குக் குழப்பம். 'பெட்' என்றால் கால் என்று எல்லாவற்றிலும் இருக்கும். பாதசாரியைக் குறிக்கும் பெடஸ்ட்ரியனில் அது சரி, அது லத்தீன். பீடியாட்ரிக்ஸ் குழந்தை மருத்துவம். அங்கே வருவது குழந்தை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அமெரிக்க எழுத்துமுறையில் நடுவிலிருந்த 'ஏ' எழுத்தை விட்டுவிட்டார்கள், அதனால் இரண்டும் ஒரே முகமாகிவிட்டன. ஆர்த்தோபீடிக்ஸ் இன்னும் மோசமாக ஏமாற்றும். எலும்பு டாக்டர்தானே, காலாகத்தான் இருக்கும் என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை. 'ஆர்த்தோஸ்' நேரானது, மற்றது குழந்தைதான். 1741-இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி குழந்தைகளின் உடல் கோணலைத் தடுப்பது, நிமிர்த்துவது பற்றி எழுதிய புத்தகத்துக்காக உருவாக்கிய சொல் அது. இந்த ஒன்றை மட்டும் அவளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். பத்து வருஷம் தமிழில் படித்த பிள்ளையை ஜூன் மாதம் இங்கிலீஷ் வகுப்பில் உட்காரவைக்கிறோம். நடுவில் ஒரு வாரம்கூடப் பாலம் போடுவதில்லை. ஒளிச்சேர்க்கை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். 'ஃபோட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை. அப்படியே அதுதான் இது என்று பள்ளியில் ஒருவர் சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்கவே மாட்டாள்.

பிளஸ் ஒன் தமிழ் வழி உயிரியல் புத்தகம் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, இங்கிலீஷ் புத்தகத்தின் பக்கத்தில் விரித்து வைக்கச் சொல்லுங்கள். தினமும் இரவு ஐந்து சொல், இரண்டு மொழியிலும், ஒரு நோட்டில் அவள் கையெழுத்தில். அப்புறம் நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் அந்த ஆள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.