சர்வரைப் புதுப்பித்த பிறகு அட்மின் பாஸ்வேர்ட் செல்லவில்லை

கேள்வி: காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம், தேவகோட்டையிலும் பொன்னமராவதியிலும் கிளைகள் உண்டு. மூன்று கடைகளின் பில்லிங்கும் இருப்புக் கணக்கும் இங்குள்ள விண்டோஸ் சர்வரில், வைல்ட்ஃப்ளையில் (ஜாவா மென்பொருளை ஓட்டும் சர்வர் நிரல்) ஓடுகின்றன. மென்பொருள் நிறுவனத்தார் பணம் வாங்கிக்கொண்டு புதிய பதிப்பு போட்டுப் போனார்கள். அதிலிருந்து, விண்டோஸ் எழும்போது வைல்ட்ஃப்ளையையும் எழுப்பும் சர்வீஸ் தானாக எழுவதில்லை. கையால் எழுப்பினாலும் பில்லிங் திரை வரவில்லை. பழைய அட்மின் பாஸ்வேர்டில் உள்ளே போக முடியவில்லை. கேட்டால், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தனிக் கட்டணம் கட்டுங்கள் என்கிறார்கள். வைகாசி முகூர்த்தத்துக்கான சீர்ப் பாத்திர ஆர்டர்கள் தேங்கி நிற்கின்றன.

பதில்: யார் சொன்னாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சம்மதிக்காதீர்கள். உங்கள் இருப்பும் பாக்கியும் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதை இன்றே வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்புறம் மற்றது.

புதிய வைல்ட்ஃப்ளையைப் பெரும்பாலும் தனி ஃபோல்டரில்தான் வைப்பார்கள். அட்மின் பயனர் பட்டியலோ பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடும். அப்படியானால் உங்கள் பாஸ்வேர்டில் தவறில்லை, புதிய சர்வருக்கு அந்தப் பயனரையே தெரியாது. புதிய வைல்ட்ஃப்ளையின் bin என்ற ஃபோல்டரில் பயனர் சேர்க்கும் ஸ்கிரிப்ட் (சிறு கட்டளைக் கோப்பு) உண்டு. சர்வரிலேயே அதை ஓட்டி, மேனேஜ்மென்ட் யூசர் என்று தேர்ந்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பிரவுசரில் 9990 போர்ட்டில் அட்மின் பக்கம் திறக்கும். சில நிமிட வேலை. இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது அநியாயம்.

ஆனால் பாஸ்வேர்ட் ஒன்றல்ல. விண்டோஸுக்கு ஒன்று, வைல்ட்ஃப்ளை அட்மினுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, பில்லிங் மென்பொருளுக்கு ஒன்று. பதற்றத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் வைல்ட்ஃப்ளையின் டேட்டாசோர்ஸில் (டேட்டாபேஸோடு இணைக்கும் அமைப்பில்) பழையதே இருக்கும், இணைப்பு அறுந்துவிடும். விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றினால், அந்தக் கணக்கில் ஓடும் சர்வீஸ் அடுத்த முறை எழாமல் 1069 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். இந்த நான்கையும் எழுதி வாங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பணம் போட்டவர் நீங்கள். சாவி உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

சர்வீஸ் எழாததற்கு, அது இன்னும் பழைய ஃபோல்டரையே தேடுகிறதா என்று முதலில் பாருங்கள். பில்லிங் திரை வராதது வேறு கதை. 2022-இல் வந்த வைல்ட்ஃப்ளை 27 முதல், ஜாவாக்ஸ் (javax) என்று தொடங்கிய நிரல் பெயர்கள் ஜகார்த்தா (jakarta) என்று மாறிவிட்டன. அந்தப் பதிப்புக்கு ஜாவா 11-ஆவது வேண்டும், அண்மைப் பதிப்புகளுக்கு அதைவிடப் புதியது வேண்டும். பழைய பில்லிங் மென்பொருளைத் திருத்தாமல் ஏற்றினால் ஓடாது. சர்வர் லாகை (சர்வர் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பை) திறந்து பாருங்கள். ஜாவாக்ஸ் பெயரில் ஏதோ கிடைக்கவில்லை என்று பிழை இருந்தால், அது புதுப்பித்துத் தந்தவர் முடிக்காமல் விட்ட வேலை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சட்டப்படி பார்த்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குகிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது, அவர் அந்தச் சட்டத்தை நாடலாம். மூன்று கடை என்றதும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்தச் சட்டத்தை நம்பியிராமல், சர்வர் லாக் நகல், புதுப்பித்ததற்கான பில், ஒப்பந்தம் மூன்றையும் இணைத்து, நாள் குறித்து, வேலையை முடித்துத் தரும்படி பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு.