தறி நின்ற பிறகு: வாசகர் கேள்வி பதில்

டைட்டிலோடு சேர்த்து 2 நிமிடத்துக்குள் ஒரு பேய்ப்படத்தின் தொடக்கக் காட்சி எடுக்க வேண்டும். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், பாழடைந்த பங்களா என்று எழுதிக் கொடுத்தோம். "புதிதாக ஏதாவது எழுதுங்கள்" என்று ஆசிரியர் திருப்பிவிட்டார். என்ன செய்வது?
– விஸ்காம் மாணவி, அம்மாப்பேட்டை, சேலம்

கொலுசு கேட்டதுமே அடுத்து என்ன வரும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்துபோனதற்கு யாரும் பயப்படுவதில்லை. நீங்கள் இருப்பது அம்மாப்பேட்டை. விசைத்தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்கள் உங்கள் பகுதியில் ஏராளம். அவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது சத்தம் அல்ல, சத்தம் நிற்பதுதான். அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

முதல் 25 நொடி கறுப்புத் திரையில் பெயர்கள், பின்னணியில் தறி ஓடுகிறது. இடையிடையே வீட்டுக்குள்ளிருந்து சின்னச் சின்ன ஷாட்கள்: பாத்திரம் கழுவும் கை, சுவரில் அதிரும் காலண்டர். 26-ஆவது நொடியில் தறி நிற்கிறது, காலண்டரும் அசைவதில்லை. கரண்ட் போய்விட்டது என்று பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரு ஷாட்தான் உங்கள் படம். கரண்ட் இருக்கிறதென்றால் தறியை நிறுத்தியது யார்? அதை வாய்விட்டுச் சொல்லும் வசனம் எதையும் வைத்துவிடாதீர்கள்.

அடுத்த ஒரு நிமிடம் அவள் தறிக்கூடத்துக்குப் போகிறாள். கேமரா அவள் முகத்தோடு இருக்கட்டும், அவள் பார்ப்பதைக் காட்டவே வேண்டாம். கடைசி 20 நொடியில் தரைக்கு அடியிலிருந்து கைத்தறி ஓடும் சத்தம். நெய்பவர் கால் வைத்து மிதிக்கும் குழி, எப்போதோ பலகை போட்டு மூடிய பழைய தறிக்குழி அது. பலகையின் ஷாட்டை 12 நொடி அசையாமல் பிடியுங்கள். பிறகு கறுப்பு, படத்தின் பெயர். மொத்தம் 18 முதல் 22 ஷாட் போதும். முதலில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, போனில் எடுத்து, நேரக்கணக்கோடு அடுக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாணவர் படங்கள் பெரும்பாலும் நடந்து போவதிலேயே 40 நொடியைத் தொலைத்துவிடுகின்றன. அது ஷூட்டிங்குக்கு முன்பே தெரிந்துவிடும்.

இரவுக் காட்சிகளை விளக்கை அணைத்துவிட்டுப் போனில் எடுத்தோம். எல்லாம் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது. டியூப் லைட் போட்டால் பட்டை பட்டையாக ஓடுகிறது.
– கல்லூரி மாணவர், ஓமலூர்

விளக்கை அணைத்ததுதான் தவறு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாக ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் அளவை, ஏற்றிக்கொள்ளும், அதுதான் அந்தப் புள்ளிகள். திரையில் இருட்டு என்பது முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம் இருந்து, மறுபாதியில் இல்லாமல் போவது. 9 வாட் மஞ்சள் எல்இடி பல்பு ஒன்றை நடிப்பவருக்குப் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே, 4 அடி தள்ளி வையுங்கள். மறுபக்கம் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலைக் கரைத்துவிடும் என்பதால் போர்வை அவசியம். கண் சுத்தமாகத் தெரியவில்லை என்றால் போர்வையை எடுக்காமல், முன்பக்கம் 6 அடி தூரத்தில் ஒரு தெர்மகோல் அட்டையைப் பிடித்தால் போதும்.

பட்டை ஓடுவதற்குக் காரணம் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. போன் வழக்கமாக நொடிக்கு 30 பிரேம், ஒவ்வொன்றுக்கும் 1/60 நொடி திறந்திருக்கும் ஷட்டரில் எடுக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. கையால் அமைக்கும் வசதியுள்ள கேமரா ஆப்பில் 25 பிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 800-க்குள் என்று வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமநிலையையும் பூட்டுங்கள். இவற்றைப் பூட்டாவிட்டால், டார்ச் கேமரா பக்கம் திரும்பும்போது படம் முழுக்க வெளுத்து, பிறகு இருண்டு மூச்சு வாங்கும். வெளிச்சம் கூடுதல் என்றால் மலிவான டிம்மரைத் தொடாதீர்கள், அது துடிப்பை அதிகமாக்கும். பல்பைப் பின்னால் நகர்த்துங்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் எடுக்கத் திட்டம். பனிமூட்டமும் கொண்டை ஊசி வளைவில் வரும் காரும் வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?
– மாணவர் குழு, சேலம்

முதலில் கார். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூட இரவில் கேமராவோடு நிற்காதீர்கள். காரைக் கீழே ஏதாவது ஷெட்டில் நிறுத்துங்கள். ஒருவர் பின் பம்பரை மெல்ல அமுக்கி விடட்டும். இன்னொருவர் டார்ச்சை முன்கண்ணாடியிலிருந்து பக்கக் கண்ணாடிக்கு 3 நொடிக்கு ஒருமுறை கொண்டுபோகட்டும். மூன்றாமவர் இலைக்கொத்தை அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே வீசட்டும். உள்ளிருந்து ஓட்டுபவரின் முகத்தை நெருக்கமாக எடுத்தால் வண்டி ஓடுவதாகவே தெரியும்.

பங்களாவுக்கு உரிமையாளரிடம் எழுத்து அனுமதி வாங்குங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் நாட்கள், எஸ்டேட்டில் யாருக்கும் ஓய்விருக்காது. மே மாதம் கோடை விழாக் கூட்டம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. எஸ்டேட்டுக்குள்ளும் காட்டுமாடு வரும், எனவே முழுதாக இருட்டுவதற்குள் எல்லோரும் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும்.

வெளிப்புற இரவை அந்தியில் எடுத்துவிடுங்கள். நம் பக்கம் சூரியன் மறைந்தபின் பயன்படும் வெளிச்சம் சுமார் 20 நிமிடம்தான். அதற்குள் 3 ஷாட் எடுக்க முடிந்தால் பெரிய விஷயம், ஆகவே பகலிலேயே ஒத்திகை பார்த்து ட்ரைபாட் வைக்கும் இடங்களில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள். தவறவிட்டால் மறுநாள் பகலிலும் எடுக்கலாம்: வானம் பிரேமுக்குள் வரக்கூடாது, வெயில் நடிப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், ஒளியை 2 ஸ்டாப் குறைத்து, அதாவது கால் பங்காக்கி, ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைக்க வேண்டும். சில்வர் ஓக் மரங்களின் விளிம்பு நிலவொளி பட்டதுபோல மின்னும்.

பனியில் டார்ச்சைக் கேமரா பக்கமிருந்து அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கு பனிக்குப் பின்னால், கேமராவை நோக்கி இருக்கட்டும். பனி சில நிமிடத்தில் கலைந்துபோகும், அதனால் அகலமான ஷாட்களை முதலில் எடுங்கள். நெருக்க ஷாட்களுக்கு அறைக்குள் சாம்பிராணிப் புகை போதும். ஜன்னல் ஓரமாகத் தூபக்காலை வைத்து, புகை பரவி அடங்க 2 நிமிடம் விட்டு எடுங்கள். குளிரில் இருந்த கேமராவை அறைக்குள் கொண்டுவரும் முன், வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

குங்குமம் கரைத்து ரத்தம் செய்தோம். ரோஸ் கலராகத் தெரிகிறது.
– பிளஸ் டூ மாணவி, ஆத்தூர்

குங்குமம் கண்ணில் பட்டால் எரியும், அதை விட்டுவிடுங்கள். ஒரு கப் லிக்விட் குளுக்கோஸ், 2 மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி சிவப்பு உணவு வண்ணம், அரைத் தேக்கரண்டி கோகோ பவுடர். ரோஸ் நிறத்தைக் கோகோதான் அடக்கும். நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும் என்பதால், உங்கள் விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டிக் குறையுங்கள். துணியில் கறை போகாது, அதே சட்டையில் இன்னொன்று கைவசம் இருக்கட்டும். இனிப்பு என்பதால் எறும்பு மொய்க்கும், எடுத்தவுடன் துடைத்துவிடுங்கள்.

டைட்டிலைத் தமிழில் அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன.
– மாணவர், தாரமங்கலம்

எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக மாற்றிக் கொண்டுவாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் எழுத்துரு. ரத்தம் சொட்டும் எழுத்து வேண்டாம். ஒரு பெயர் 3 நொடியாவது திரையில் நிற்கட்டும்.

எங்கள் படத்தில் சத்தம்தான் பயமாகவே இல்லை. எங்கே தவறுகிறோம்?
– விஸ்காம் மாணவர்கள், குகை, சேலம்

படத்தைவிட ஒலிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள், பேய்ப்படத்தில் பாதி வேலை அங்கேதான். பேச்சுக்கு இரண்டாவது போனை நடிப்பவரின் துப்பட்டாவுக்கு அடியில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் பிறகு படத்தோடு பொருத்துவது சுலபம். மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

முதல் கேள்வியில் வரும் தறிபோல ஒன்றைப் பதிவதானால், தறிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். துப்பட்டாவும் கூந்தலும் மாட்டிக்கொள்ளும், போன் மைக்கும் அந்தச் சத்தத்தைத் தாங்காமல் கரகரக்கும். வாசலிலிருந்து ஒன்று, அடுத்த அறையிலிருந்து ஒன்று, தெருவிலிருந்து ஒன்று என மூன்று பதிவு. பதிவு ஆப்பின் ஒலி மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தறி நிற்கும் நொடியையும் உண்மையாகவே பதியுங்கள். எடிட்டிங்கில் சட்டென்று வெட்டினால் கோப்பு அறுந்ததுபோலத்தான் கேட்கும். எலும்பு முறியும் சத்தம் வேண்டுமானால், ஈரத்துண்டில் சுற்றிய கரும்பை மைக்குக்கு அருகில் முறியுங்கள்.

தறி நின்ற பிறகு, அதே அறையில் யாரும் அசையாமல் 60 நொடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். மௌனம் வரும் இடத்தில் இதைத்தான் போட வேண்டும். ஒன்றுமே இல்லாமல் விட்டால் பார்ப்பவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைப்பார். திடுக்கிட வைக்கும் சத்தத்துக்கு முன்னால் இந்த அறை ஒலி 3 நொடியாவது வேண்டும். பலர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், முன்னால் தாழ்ந்திருந்தால்தான் அது தூக்கிப்போடும்.

அடித்தொனியில் 40 ஹெர்ட்ஸில் வைக்கும் உறுமல் ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும், வகுப்பறையின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதோடு 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒரு தொனியையும் சேருங்கள். மதிப்பெண் போடுபவர் பார்க்கப்போகும் அறையிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையிடும் நாளில், படத்தைப் போடுவதற்கு முன் அந்த அறையின் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.