மகளின் ஒப்படைப்பு: சமணத்தைத் தொடங்கியவர் மகாவீரரா?

அக்கா, மகளின் ஒப்படைப்பில் 'சமணத்தை நிறுவியவர் மகாவீரர்' என்று எழுதலாமா, கன்னியாகுமரி மாவட்டச் சிதறால் மலைப்பாறையில் தலைக்கு மேல் பாம்பு படமெடுக்க நிற்பவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் விடை அந்தச் சிலையிலேயே இருக்கிறது.

அவர் பார்சுவநாதர், 23ஆம் தீர்த்தங்கரர், அதாவது சமணத்தின் பெருங்குருமார் வரிசையில் 23ஆவது. மகாவீரர் 24ஆவது. பார்சுவர் சுமார் 250 ஆண்டுகள் முந்தியவர் என்பது சமண மரபு. மகாவீரரின் பெற்றோரே பார்சுவர் வழியினர்தான் என்கின்றன சமண நூல்கள். அதனால் 'நிறுவினார்' வேண்டாம், 'முன்பே இருந்த நெறியைப் புதுப்பித்துப் பரப்பினார்' என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், கி.மு. 6-5ஆம் நூற்றாண்டுக் கங்கைச் சமவெளி பற்றி ஒரு பத்தியாவது சேர்க்கட்டும். மகாவீரர், புத்தர், ஆசீவகம் என்ற இன்னொரு துறவு நெறியின் மற்கலி கோசாலர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலம். வேத வேள்வியை விட்டுத் துறவு வழியில் போனவர்கள், தங்களுக்குள்ளும் கடுமையாக வாதிட்டார்கள். எல்லாம் ஊழ்ப்படிதான் நடக்கும், முயற்சியால் மாறாது என்றார் கோசாலர். தவத்தால் வினையைக் கழிக்கலாம் என்றார் மகாவீரர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மகளுக்கும் பிடிக்கும்.

சிதறால் சிற்பங்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் கால வட்டெழுத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. அந்தச் சமணத் தலம் பகவதி கோயிலாக மாறியது பிற்பாடுதான். குழித்துறையிலிருந்து பக்கம்தானே, காலையிலேயே கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும்.