விட்டுப்போன யோகா வகுப்புக்குத் திரும்புவது

மயிலாப்பூர் வகுப்புக்கு மூன்று மாதம் ஒழுங்காகப் போனேன், மழையில் விட்டுப்போய் ஐந்து வாரமாகிவிட்டது, இப்போது டீச்சர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையே போங்கள். இன்று இரவு வாட்ஸ்அப்பில் "நாளை வருகிறேன் மேடம்" என்று மட்டும் அனுப்புங்கள். காரணமெல்லாம் வேண்டாம்.

நான் மந்தைவெளிப் பக்கம் ஒரு மாடி வகுப்புக்கு ஆறு வருடமாகப் போகிறேன். எனக்கும் ஒருமுறை இரண்டு மாதம் விட்டுப்போனது. திரும்பிப் போன அன்று, பக்கத்தில் பாய் விரிக்கும் மாமி ஒன்றுமே கேட்கவில்லை. தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தி, ஃபேனுக்குக் கீழே எனக்கு இடம் விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது தினமும் ஐந்தரைக்கு அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும், அப்புறம் படுத்திருக்க மனசு வராது. நீங்களும் அங்கே அப்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதல் வாரம் தலைகீழாக நிற்கும் சிரசாசனம், உடம்பைப் பின்னால் வளைக்கும் சக்கராசனம் வேண்டாம். நான்கு சுற்று சூரிய நமஸ்காரம், கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம் நிதானமாக, போதும். எத்தனை நாள் விட்டது என்று டீச்சரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற யோகா நிலையத்தைத் தொடங்கிய யோகா ஆசிரியர் தேசிகாச்சார் வலியுறுத்தியதே ஆளுக்குத் தக்க பயிற்சியைத்தான்.

பாய் ஐந்து வாரமாகச் சுருட்டியே கிடந்திருக்கும். இன்றே துடைத்துக் காற்றாட விரித்துப் போடுங்கள்.